மறியல்ல இருக்கிற ஒராளின்ர கேஸை ஐ.நா.வுக்குக் குடுக்கிறது எப்பிடி: எரித்திரியாக் குடும்பம் ஒண்டுக்காக அலைஞ்சு தெரிஞ்சுகொண்டது

சுவிஸில என்னோட முதியோர் இல்லத்துக் குசினியில வேலை செய்யிற எரித்திரியாக்கார அக்கா ஒராள், ஒருநாள் கரட் வெட்டிக்கொண்டு நிக்கேக்க, "உங்கட ஆக்கள் மார்ச் மாசத்தில ஜெனீவாவில ஐ.நா.வுக்கு முன்னால இருக்கிற அந்த உடைஞ்ச கதிரைக்கு முன்னால நிக்கிறியள்தானே, உள்ளுக்கு ஒரு கடிதம் குடுக்கிறதெண்டா எந்த வாசலால குடுக்கிறது?" எண்டு கேட்டா. அவாட தம்பியை எரித்திரியாத் தலைநகர் அஸ்மாராவில ஒரு வீட்டில ஜெபம் பண்ணிக்கொண்டிருக்கேக்க மற்ற ஆக்களோட சேர்த்துப் பிடிச்சுக்கொண்டு போனவை. அஞ்சு கிழமை பொலிஸ் ஸ்டேஷன்ல இருந்தவர், அம்மா ஒவ்வொரு நாளும் சாப்பாட்டுப் பை கொண்டுபோய்க் குடுத்தவா, ஒருநாள் பையைத் திருப்பிக் கையில குடுத்து "அப்பிடி ஒராள் இஞ்ச இல்லை" எண்டு சொல்லிப்போட்டினம். அவ்வளவுதான். வழக்கு இல்லை, கோர்ட் இல்லை, லோயர் இல்லை, ஒரு துண்டுக் கடுதாசி கூட இல்லை.

நான் எத்தினையோ ஊர்வலத்துக்குப் போன ஆள், தெரியும் எண்டுதான் நினைச்சன். இறங்கினாப் பிறகுதான் விளங்கிச்சு கொடி பிடிக்கிறது வேற, கேஸ் குடுக்கிறது வேற எண்டு. எங்களுக்கு முழுசா ஒண்டரை வருசம் எடுத்தது, அதில ஏழு மாசம் நாங்கள் விட்ட பிழையால போனது. அந்த ஏழு மாசம் உங்களுக்குப் போகக்கூடாது எண்டுதான் இதை எழுதுறன். எரித்திரியாவை வைச்சுத்தான் சொல்லுறன், ஏனெண்டா எனக்கு அதுதான் தெரியும். குடும்பத்தைக் கண்டுபிடிக்கக்கூடிய சின்னச் சின்ன விசயங்களை மாத்தித்தான் போட்டிருக்கிறன், நீங்கள் பகிரங்கமா எழுதேக்கயும் அப்பிடித்தான் செய்யோணும்.

1. முதல்ல நாட்டில இருக்கிற வீட்டு ஆக்களின்ர சம்மதம்

இது வராமல் ஒரு வரியும் வெளியில விடாதேங்கோ. ஐ.நா.வுக்குக் குடுக்கிற கேஸ் ஐ.நா.வுக்குள்ள நிக்கிறேல்ல, மறியல்ல இருக்கிறவரின்ர பேரோட அந்த அரசாங்கத்துக்கே கடிதமாப் போகும். குடுத்த ஆளின்ர பேரை அவை சொல்லமாட்டினம், ஆனா பிடிபட்டவரின்ர பேர் போகும். அது தெரியாமல் "ஐ.நா. ரகசியமா வைச்சிருக்கும்" எண்டு அம்மாவுக்குச் சொல்லிப்போட்டு அனுப்பினா அது நீங்கள் செய்யிற துரோகம்.

மூண்டு கேள்வியைத் தனித்தனியாக் கேளுங்கோ, ஒண்டுக்கு ஓம் எண்டா மூண்டுக்கும் ஓம் எண்டு எடுக்காதேங்கோ:

- பேரை அரசாங்கத்துக்கு அனுப்பலாமா?
- பிறகு ஐ.நா. வெளியிடுற அறிக்கையில பேர் வரலாமா?
- படத்தையும் பேரையும் நாங்கள் கூட்டத்தில, நோட்டீஸில, பேஸ்புக்கில போடலாமா?

எப்பிடிக் கேக்கிறது எண்டதுதான் பெரிய சிக்கல். எரித்திரியாவில டெலிபோன் முழுக்க எரிடெல் எண்ட ஒரே ஒரு அரசாங்கக் கொம்பனியின்ர கையில, போன்ல கதைக்கிறதை ஆரும் கேக்கலாம் எண்டுதான் அங்க எல்லாரும் வாழுகினம். அதால போன்ல "தம்பி", "மறியல்", "ஜெபம்" எண்ட சொல்லே வரக்கூடாது. நாங்கள் உகண்டாவில, கம்பாலாவில இருக்கிற ஒரு சொந்தக்காரர் மூலம், அஸ்மாராவுக்குப் போய்வாற ஒரு வயசான அம்மாட்டச் சொல்லிவிட்டு, அவா நேரில கேட்டு வந்து சொன்னவா. ரெண்டு மாசம் போச்சு. அது வீணாப்போன நேரம் இல்லை, அந்த ரெண்டு மாசத்தைக் கணக்கில வைச்சுத்தான் தொடங்கோணும்.

என்ர பெரிய பிழை இஞ்சதான் நடந்தது. அக்கா சம்மதம் தந்திட்டா, அவாட சொந்தத் தம்பிதானே எண்டு நான் ஒரு நோட்டீஸ் அடிச்சு படத்தையும் போட்டிட்டன். மூண்டு கிழமையில அது ஆரோ எடுத்து வாட்ஸ்அப்பில சுத்தி அஸ்மாராவுக்கே போய்ச் சேர்ந்து, அம்மாட்ட அயலில இருக்கிற ஒராள் வந்து "உங்கட பிள்ளையள் வெளிநாட்டில என்ன செய்யினம்" எண்டு கேட்டுட்டுப் போயிருக்கிறார். வேற ஒண்டும் நடக்கேல்ல, ஆனா அந்த அம்மா அஞ்சு மாசம் எங்களோட கதைக்கவே பயந்தவா. சுவிஸில இருக்கிற ஆள் தாற சம்மதம் போதாது. விலை குடுக்கப்போறது அங்க இருக்கிற ஆள், அவர்தான் சொல்லோணும்.

2. எந்த வாசல் எண்டு முடிவெடுக்கிறது

ஐ.நா. எண்டா ஒரு வாசல் இல்லை. பிழையான இடத்துக்கு அனுப்பினா மாசக்கணக்காப் போயிடும். எங்களுக்கு விளங்கின மாதிரிச் சொல்லுறன்.

முதலாவது, காணாமலாக்கப்பட்டோர் தொடர்பான செயற்குழு. எங்கட ஆக்களுக்கு இது புதுசில்லை, 1980இல தொடங்கினது, எங்கட எத்தினையோ தாய்மார் இதே குழுவுக்குத்தான் பிள்ளையளின்ர பேரைக் குடுத்தவை, நிலுவையில கன கேஸ் இருக்கிற நாடுகளில இலங்கையும் ஒண்டு. அரச ஆக்கள் கொண்டுபோய், பிறகு "எங்களிட்ட இல்லை" எண்டு சொன்னா, இல்லாட்டி எங்க எண்டு சொல்ல மறுத்தா, அது இந்த வாசல். ஆள் பிடிபட்டு மூண்டு மாசத்துக்குள்ள குடுத்தா அவசர முறையில எடுப்பினம், அதைத் தாண்டினா சாதாரண முறை. அந்த மூண்டு மாசக் கணக்கு அக்காவுக்கு ஆரும் முதலே சொல்லியிருந்தா... சரி, உங்களுக்குச் சொல்லுறன், ஆள் போய் மூண்டு மாசம் ஆகேல்ல எண்டா வேற எல்லாத்தையும் விட்டிட்டு இதைச் செய்யுங்கோ.

ரெண்டாவது, தன்னிச்சையான தடுத்துவைப்புத் தொடர்பான செயற்குழு. 1991இல தொடங்கினது, அஞ்சு நிபுணர்கள். ஆள் எங்க இருக்கிறார் எண்டு தெரியும், ஆனா வழக்கு இல்லாமலோ, மதத்துக்காகவோ, ஒழுங்கான விசாரணை இல்லாமலோ வைச்சிருக்கினம் எண்டா இது. உள்நாட்டுக் கோர்ட் எல்லாம் ஏறி முடிச்சிட்டு வாங்கோ எண்டு இவை கேக்கிறேல்ல, கோர்ட்டே கிடைக்காத நாட்டு ஆக்களுக்கு அதுதான் பெரிய விசயம். கடைசியில "இந்தத் தடுத்துவைப்பு சட்டத்துக்கு மாறானது" எண்டு எழுத்தில அபிப்பிராயம் தருவினம், வேற ஒரு இடத்திலயும் கிடைக்காத பேப்பர் அது.

மூண்டாவது, விசேட அறிக்கையாளர்கள். மத சுதந்திரத்துக்கு ஒராள் இருக்கிறா, இப்ப நஸீலா கானேயா. எரித்திரியாவுக்கெண்டே தனியா ஒராள், 2020இல அந்தப் பொறுப்புக்கு முகமது அப்தெல்சலாம் பாபிகரை நியமிச்சவை. இவை அரசாங்கத்துக்குக் கடிதம் எழுதுவினம், முடிவு சொல்ல மாட்டினம். ஒரே ஃபோமிலயே இவையளையும் சேர்த்துத் தெரிவு செய்யலாம், செய்யுங்கோ.

திறக்காத வாசலும் இருக்கு. "மனித உரிமைகள் குழு"வுக்குத் தனியாள் முறைப்பாடு குடுக்கலாம் எண்டு ஆராவது சொல்லுவினம். எரித்திரியா 2002இல அந்தக் குழு பாக்கிற குடிசார் அரசியல் உரிமைகள் உடன்படிக்கையில சேர்ந்தது உண்மை, ஆனா தனியாள் முறைப்பாட்டுக்கான நெறிமுறையில சேரேல்ல, அதால அங்க போகேலாது. ஆபிரிக்க மனித உரிமைகள் ஆணைக்குழு உள்நாட்டுக் கோர்ட் கதையைக் கேக்கும், அதுக்கு லோயர் இல்லாமல் இறங்காதேங்கோ.

அக்காவின்ர தம்பிக்கு நாங்கள் முதல்ல ரெண்டாவது வாசலுக்குத்தான் எழுதிக்கொண்டிருந்தனாங்கள். பையைத் திருப்பிக் குடுத்து "இல்லை" எண்டு சொன்ன அந்த நாள்தான் கேஸையே மாத்தினது எண்டு பிறகுதான் விளங்கிச்சு. அது காணாமலாக்குதல். திரும்ப முதல்ல இருந்து எழுதினம்.

3. பேர், திகதி, இடம்

இந்த மூண்டும் சரியா இருந்தா மிச்சம் தன்பாட்டில வரும். மூண்டிலயும் பொறி இருக்கு.

பேர்: எரித்திரியாக்காரருக்குக் குடும்பப் பேர் இல்லை. எங்கள மாதிரித்தான், தன்ர பேர், அப்பான்ர பேர், பிறகு அப்பப்பான்ர பேர். சுவிஸ் பேப்பர்ல அப்பப்பான்ர பேரைக் குடும்பப் பேரா எழுதியிருப்பினம், சகோதரங்களுக்கே பேர் வேறவேற மாதிரி வந்திருக்கும். அதோட அவையின்ர டிக்ரின்யா மொழியை எழுதுற கீஸ் எழுத்தில இருந்து ஆங்கிலத்துக்கு மாத்தேக்க ஒரே பேரை நாலு விதமா எழுதுவினம். எல்லா எழுத்துக்கூட்டலையும் போடுங்கோ, கீஸ் எழுத்திலயும் ஒருக்காப் போடுங்கோ, தாயின்ர முழுப் பேரையும் சேருங்கோ. "அப்பிடி ஒராள் எங்களிட்ட இல்லை" எண்டு அரசாங்கம் பேர்ப் பிழையைச் சாட்டித் தப்ப இடம் குடுக்காதேங்கோ.

திகதி: தேவாலயக் கலண்டர் எங்கட சாதாரண கலண்டரை விட ஏழெட்டு வருசம் பின்னுக்கு நிக்கும். மாசத்துக்கு ரெண்டு கலண்டரிலயும் அநேகமா ஒரே மாதிரிப் பேர், நாள்தான் தள்ளி வரும். அம்மாமார் பெருநாளை வைச்சுத்தான் நினைவு வைச்சிருப்பினம், "திம்கத் முடிஞ்சு ரெண்டாம் கிழமை" எண்டு சொல்லுவினம், திம்கத் எண்டது இயேசுவின்ர ஞானஸ்நானப் பெருநாள். எந்தக் கலண்டர் எண்டு கேட்டு மாத்தி எழுதுங்கோ. நாள் தெரியாட்டி பரவாயில்லை, காணாமலாக்கப்பட்ட கேஸுக்கு மாசமும் வருசமும் எண்டாலும் கட்டாயம் வேணும். "கிட்டத்தட்ட" எண்டா கிட்டத்தட்ட எண்டே எழுதுங்கோ, ஊகிச்சு ஒரு நாளைப் போட்டிட்டு பிறகு மாத்தினா முழுக் கேஸையும் சந்தேகப்படுவினம்.

இடம்: எந்த வீடு, எந்தப் பகுதி, எந்தப் பொலிஸ் ஸ்டேஷன், ஆர் கொண்டுபோனது, யூனிஃபோம் போட்டவையா சிவிலா. பிறகு கண்டவை ஆராவது இருந்தா அது தனி. எங்களுக்கு, தப்பி சூடான் பக்கத்தால வந்த ஒரு பெடியன் மை சேர்வாவில, அஸ்மாராவுக்குக் கிட்ட இருக்கிற மறியல், கப்பல் கொன்டெய்னர்களுக்குள்ள ஆக்களை அடைச்சு வைக்கிற இடம், அங்க தம்பியைக் கண்டதாச் சொன்னவன். "கண்டது ஆர், எப்ப, எவ்வளவு தூரத்தில, முதலே தெரியுமா, இல்லாட்டி மற்ற ஆக்கள் சொல்லிக் கேட்டதா" எண்டு பிரிச்சு எழுதினம். கண்டதையும் கேள்விப்பட்டதையும் கலந்து எழுதிப்போடாதேங்கோ.

சேர்க்கவேண்டிய பேப்பர்கள்: அடையாள அட்டைக் கொப்பி, இல்லாட்டி ஞானஸ்நானப் பத்திரம் இல்லாட்டி ஸ்கூல் சேர்ட்டிபிக்கட்; ஒரு தெளிவான படம்; குடும்பத்து ஆளின்ர சம்மதக் கடிதம்; கண்ட ஆளின்ர கையெழுத்து வைச்ச வாக்குமூலம், பேர் வெளியில வரக்கூடாது எண்டு மேல பெரிசா எழுதி; தேடிப் போன இடங்களின்ர பட்டியல், எந்த நாள் எந்த ஸ்டேஷனுக்கு அம்மா போனவா, என்ன சொல்லி அனுப்பினவை எண்டு. கடைசியாச் சொன்னதை ஆக்கள் விட்டுவிடுவினம். தேடினதுக்கு என்ன செய்தனீங்கள் எண்டது கேக்கிற கேள்வி. தேடிப் போறதே ஆபத்து எண்டா, ஏன் போகேல்ல எண்டு ரெண்டு வரியில எழுதுங்கோ.

இன்னொண்டு, பேப்பர் இல்லை எண்டதுக்காக கொன்சுலேட்டுக்குப் போகாதேங்கோ. அங்க ஒரு பேப்பர் எடுக்கிறதெண்டாலே வருமானத்தில 2 வீதம் கட்டு எண்டு கேப்பினம், நாட்டை விட்டு ஓடினதுக்கு மனம் வருந்துறன் எண்டு ஒரு ஃபோமில கையெழுத்தும் கேப்பினம். அந்த வரியை மிரட்டி வசூலிக்கிறதை நிப்பாட்டச் சொல்லி ஐ.நா. பாதுகாப்புச் சபையே 2011இல தீர்மானம் போட்டிருக்கு. அதை விட, அகதி அந்தஸ்து இருக்கிற ஆள் தன்ர நாட்டுக் கொன்சுலேட்டுக்குப் போனா இஞ்ச அந்தஸ்துக்கே கேள்வி வரலாம். பேப்பர் இல்லாமலும் கேஸ் எடுப்பினம்.

4. எழுதுறது

என்ர முதல் டிராஃப்ட் 14 பக்கம். அதில 11 பக்கம் நாட்டு வரலாறு, "கொடுங்கோலன்", "இனியும் பொறுக்கேலாது" எண்டெல்லாம் இருந்தது. ஒரு வக்கீல் நண்பர் வாசிச்சிட்டு "இதில தம்பி எங்க?" எண்டு கேட்டார். அந்தக் கேள்வியை நீங்கள் எழுதின ஒவ்வொரு பக்கத்திட்டயும் கேளுங்கோ. கடைசியில நாலு பக்கத்தில முடிச்சம்.

வசைச்சொல் இருந்தா, அரசியல் நோக்கம் எண்டு தெரிஞ்சா, இல்லாட்டி பத்திரிகைச் செய்தியை மட்டும் வைச்சு எழுதினா விசேட அறிக்கையாளர்கள் எடுக்கமாட்டினம், அது அவையின்ர விதியிலயே இருக்கு. கோபம் வரும், வரத்தான் வேணும், ஆனா அதைத் திகதியாயும் இடமாயும் மாத்தி எழுதுங்கோ.

தடுத்துவைப்புக் குழுவுக்கு எழுதுறதெண்டா அவையிட்ட அஞ்சு வகை இருக்கு: சட்ட அடிப்படையே இல்லை; உரிமையைப் பாவிச்சதுக்காகப் பிடிச்சது; நியாயமான விசாரணை இல்லை; புகலிடம் கேட்டவரை நீண்டகாலம் அடைச்சு வைச்சது; பாகுபாடு. வீட்டில ஜெபம் பண்ணினதுக்குப் பிடிபட்ட ஆளுக்கு அநேகமா 1, 2, 3, 5 பொருந்தும். ஒவ்வொண்டுக்கும் ஒரு பந்தி, அதுக்கு என்ன உண்மை ஆதாரம் எண்டு மட்டும்.

பின்னணிக்கு ஒரே ஒரு பந்தி. நாங்கள் போட்டது இதுகள்: 2002 மே மாசம் நாலு மதப் பிரிவைத் தவிர மற்ற எல்லாத்தையும் மூடச்சொன்னது, அந்த நாலு ஓர்த்தடொக்ஸ், கத்தோலிக்கம், லூதரன், சுன்னி இஸ்லாம், யெகோவாவின் சாட்சிகளின்ர குடியுரிமையை 1994இல பறிச்சது, அனுமதி இருக்கிற மதத்துக்கும் சுதந்திரம் இல்லை எண்டதுக்கு ஓர்த்தடொக்ஸ் திருச்சபையின்ர தலைவர் அபுனே அந்தோனியோஸ், பதவி பறிச்சு, 2022 பெப்ரவரியில சாகும்வரைக்கும் வீட்டுக்காவல்ல வைச்சிருந்தவை, 2017இல அஸ்மாராவில முஸ்லிம் பள்ளிக்கூடம் ஒண்டில அரசாங்கம் கைவைச்சதை எதிர்த்த தொண்ணூறு வயசு தாண்டின ஹாஜி மூஸா முகமது நூர் காவலிலயே செத்தது, 2019 ஜூனில கத்தோலிக்கத் திருச்சபையின்ர கிளினிக்குகளைப் பறிச்சது, ஐ.நா. விசாரணை ஆணைக்குழு 2016 ஜூனில மனித குலத்துக்கு எதிரான குற்றங்கள் நடந்ததா நம்ப நியாயமான காரணம் இருக்கு எண்டு சொன்னது. முஸ்லிம் ஆக்களின்ர கதையைக் கட்டாயம் போடுங்கோ. உங்கட ஆள் பெந்தகோஸ்து எண்டதுக்காக கிறிஸ்தவருக்கு மட்டும் நடக்கிற மாதிரி எழுதினா அது உண்மையும் இல்லை.

அரசாங்கம் என்ன சொல்லும் எண்டு முதலே யோசியுங்கோ. "ஆமியில இருந்து ஓடின ஆள்" எண்டுதான் அநேகமாச் சொல்லுவினம். அங்க தேசிய சேவை சட்டத்தில 18 மாசம், நடைமுறையில முடிவே இல்லை. தம்பி அப்ப சேவையில எங்க இருந்தவர், லீவில வந்தவரா எண்டதை மறைக்காமல் எழுதினம்.

5. மொழிபெயர்ப்பும் காசும்

ஐ.நா.வில கேஸ் குடுக்க ஒரு சதமும் இல்லை. இதைக் கொட்டை எழுத்தில வாசியுங்கோ. லோயரும் கட்டாயம் இல்லை. எங்களிட்ட ஒராள் "ஜெனீவாவில எனக்கு ஆள் இருக்கு, ஃபைல் போட 1,500 பிராங்" எண்டு கேட்டவர், அக்கா பாதிக் காசை ஆயத்தமும் பண்ணிப்போட்டா. இந்த மாதிரி ஆக்கள் எங்கட சமூகத்திலயும் இருந்தவை, உங்களுக்குத் தெரியும்.

ஆங்கிலம், பிரெஞ்சு, ஸ்பானிஷ், இந்த மூண்டில ஒண்டில குடுக்கோணும். ஜெர்மனில எழுதி அனுப்பிப்போட்டு இருக்காதேங்கோ, சுவிஸில இருக்கிறதால வாற பிழை அது. டிக்ரின்யாவில இருந்து மாத்த எங்களுக்கு 320 பிராங் போச்சு, வாக்குமூலமும் அம்மாவின்ர கடிதமும் மட்டும். மொழிபெயர்க்கிற ஆள் ஆர் எண்டு நல்லா விசாரியுங்கோ. எரித்திரியாச் சமூகத்துக்குள்ளயே அரசாங்கத்துப் பக்கம் நிக்கிற ஆக்கள் இருக்கினம், பேரையும் இடத்தையும் மறைச்சுக் குடுத்துப்போட்டு, பிறகு நீங்கள் சேர்க்கலாம். அதை விட ஸ்கேன், பிரிண்ட், பஸ் காசு. மொத்தத்தில 400 பிராங்குக்குள்ள முடியும்.

6. அனுப்புறது

ஐ.நா. மனித உரிமைகள் உயர்ஸ்தானிகர் அலுவலகத்தின்ர தளத்தில விசேட பொறிமுறைகளுக்கு, அதாவது இந்தச் செயற்குழுக்களுக்கும் அறிக்கையாளர்களுக்கும், எண்டு ஒன்லைன் ஃபோம் இருக்கு, அதில எந்தக் குழு, எந்த அறிக்கையாளர் எண்டு தெரிவு செய்யலாம். ரெண்டு செயற்குழுவுக்கும் தனித்தனிக் கேள்விக்கொத்தும் இருக்கு, முதல் அதை டவுன்லோட் பண்ணி வேர்டில நிரப்பிப்போட்டு பிறகு ஏத்துங்கோ. நேரடியா நிரப்பப்போய் பாதியில நிண்டு எல்லாம் அழிஞ்சது எங்களுக்கு.

குடுக்கிற ஆளின்ர பேரில்லாமல் ஏலாது, ஆனா ரகசியமா வைக்கச் சொல்லிக் கேக்கலாம். குடும்பத்து ஆள் இல்லாமல் நீங்கள் குடுக்கிறீங்கள் எண்டா குடும்பத்தின்ர சம்மதம் இருக்கு எண்டு காட்டோணும். வேலை இடத்துக் கொம்ப்யூட்டர், வேலை இடத்து இமெயில் ரெண்டும் வேண்டாம். இதுக்கெண்டே ஒரு புது இமெயில் திறந்து, ரெண்டு பேருக்கு பாஸ்வேட் தெரிஞ்சிருக்கோணும், ஏனெண்டா ஆறு மாசம் கழிச்சு ஒரு கேள்வி வந்து அதை ஆரும் பாக்காமல் விட்டா கேஸ் அப்பிடியே கிடக்கும். அனுப்பின எல்லாத்தையும் திகதி போட்டு ஒரு பிரதி எடுத்து வையுங்கோ.

7. காத்திருக்கிறது

காணாமலாக்கப்பட்டோர் குழு வருசத்தில மூண்டு தரம் கூடும், சாதாரண முறைக் கேஸை அப்பதான் பாத்து அரசாங்கத்துக்கு அனுப்புவினம். பதில் இல்லாட்டி வருசத்துக்கு ஒருக்காவாவது நினைவூட்டுவினம், ஆள் எங்க எண்டு தெரியும்வரைக்கும் கேஸ் மூடமாட்டினம். அரசாங்கம் ஏதாவது பதில் சொன்னா உங்களுக்கு அனுப்புவினம், ஆறு மாசத்துக்குள்ள நீங்கள் மறுப்புச் சொல்லாட்டி அந்தப் பதிலை ஏத்துக்கொண்டதா எடுத்துப்போடுவினம். இதில தூங்கிப்போகாதேங்கோ.

தடுத்துவைப்புக் குழு அரசாங்கத்துக்கு 60 நாள் குடுக்கும், கேட்டா இன்னும் ஒரு மாசம் வரைக்கும் நீட்டலாம். பதில் வந்தா உங்களிட்டக் கருத்துக் கேப்பினம், வராட்டியும் முடிவெடுப்பினம். முடிவை முதல் அரசாங்கத்துக்கு அனுப்பி 48 மணித்தியாலம் கழிச்சுத்தான் உங்களுக்கு அனுப்புவினம், அதுக்குப் பிறகு ஆறு மாசத்தில என்ன நடந்தது எண்டு ரெண்டு பக்கத்தையும் கேப்பினம். அறிக்கையாளர்களின்ர கடிதம் 60 நாளுக்குப் பிறகு பகிரங்கமா வெளியில வரும், அம்மாட்டக் கேட்ட ரெண்டாவது கேள்வி இதுக்குத்தான்.

இந்த நேரத்தில குடும்பம் "ஐ.நா. கடிதம் போட்டா விட்டிடுவினம்தானே" எண்டு கேக்கும். பொய் சொல்லாதேங்கோ. 1994இல பிடிச்ச மூண்டு யெகோவாவின் சாட்சிகளை 26 வருசம் விசாரணையே இல்லாமல் வைச்சிருந்து 2020 டிசம்பரிலதான் விட்டவை. நான் அக்காவுக்கு அதைத்தான் சொன்னனான். விட்டவை எண்டதையும் சொன்னனான்.

8. இப்ப வெளியில கதைக்கலாம்

கேஸ் போய்ச் சேர்ந்து, மூண்டாவது கேள்விக்கும் அம்மா ஓம் எண்டு சொன்னாப் பிறகுதான் இது. அம்மா படத்துக்கு வேண்டாம் எண்டு சொன்னவா, அதால நாங்கள் படமும் பேரும் இல்லாமல்தான் செய்தம். ஒரு வெறும் சாப்பாட்டுப் பையை மேசையில வைச்சு, "இதைக் கொண்டுபோன நாள்களில மகன் உயிரோட இருக்கிறார் எண்டு தாய்க்குத் தெரியும்" எண்டு எழுதி வைச்சம். தேவாலய மண்டபம், வாடகை 150 பிராங், 60 பேர் வந்தவை, எங்கட கோயில் ஆக்களும் வந்தவை. முந்தி நான் அடிச்ச நோட்டீஸைத் தெருவில வாங்கின ஆக்கள் மடிச்சு பொக்கெட்டில வைச்சிட்டுப் போயிடுவினம், இதுக்கு முன்னால நிண்டு கேள்வி கேட்டவை.

ஜெனீவாவில வெளியில நிக்கிறதெண்டா முதலே அனுமதி எடுக்கோணும், எங்கட சங்கங்களில கேட்டாச் சொல்லித்தருவினம். உள்ளுக்குக் கதைக்கிறதெண்டா ஐ.நா.வின்ர ஆலோசனை அந்தஸ்து இருக்கிற அமைப்பு ஒண்டின்ர பேரில மட்டும்தான் ஏலும், ரெண்டு நிமிசம் கூடக் கிடைக்காது. எரித்திரியா அறிக்கையாளர் அநேகமா ஜூன் கூட்டத்தொடர்லதான் அறிக்கை வைப்பார், அதுக்கு மூண்டு நாலு மாசம் முந்தியே அமைப்புகளிட்டப் போங்கோ. உங்கட கன்டோனில, அதாவது நீங்கள் இருக்கிற சுவிஸ் மாநிலத்தில, தெரிவான எம்.பி.க்கு ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கோ, சுவிஸ் பாராளுமன்றம் வருசத்தில நாலு தரம் கூடும், கேள்வி நேரத்தில ஒரு கேள்வி வைச்சாலே அரசாங்கம் பதில் சொல்லோணும். எம்.பி. ஒராள் "கேள்வியை நீங்களே எழுதித் தாங்கோ" எண்டு கேட்டவர், எழுதிக் கொண்டு போங்கோ.

கொடி வேண்டாம். அரசாங்கத்தை எதிர்க்கிற ஆக்கள் பிடிக்கிற பழைய நீலக்கொடியும் வேண்டாம், கட்சி லோகோவும் வேண்டாம். 2023இல ஜெர்மனியில கீஸன், ஸ்டொக்ஹோம், டெல் அவீவ் எண்டு எரித்திரியா விழாக்களில ரெண்டு பக்கமும் அடிபட்டதுக்குப் பிறகு எரித்திரியா எண்ட பேரைக் கேட்டாலே மண்டபக்காரர் யோசிக்கினம். விழா நடக்கிற கிழமையை விட்டு வேற கிழமை பிடியுங்கோ, மண்டபம் எடுக்கேக்க இது எதுக்கு எண்டு ஒளிக்காமல் சொல்லுங்கோ. வாசல்ல ஆக்களைப் படம் எடுக்கக்கூடாது எண்டு டிக்ரின்யாவிலயும் எழுதி ஒட்டுங்கோ, வாற எரித்திரியா ஆக்களுக்கும் அங்க அம்மா அப்பா இருக்கினம்.

9. புதுச் செய்தி வந்தா

கேஸ் குடுத்தாப் பிறகு வாற ஒவ்வொரு சின்னச் செய்தியும் அதே கேஸ் இலக்கத்தோட அனுப்போணும். மறியல் மாத்தினது, வருத்தம், கண்ட ஆள், விட்டது, செத்தது, எல்லாம். ஆளை விட்டாலும் உடனே பேஸ்புக்கில போட்டுக் கொண்டாடாதேங்கோ, முதல்ல குழுவுக்கு அறிவியுங்கோ, பிறகு குடும்பம் சொன்னாத்தான் மற்ற ஆக்களுக்கு.

போன மாசம் அக்காவுக்கு அம்மாட்ட இருந்து போன் வந்தது. மழை, அயலட்டைக் கலியாணம் எண்டு கதைச்சுப்போட்டு, கடைசியா "இந்தமுறை பை திரும்பி வரேல்ல" எண்டு மட்டும் சொல்லி வைச்சிட்டா. அக்கா குசினிக்கு ஓடி வந்து என்ர கையைப் பிடிச்சவா, எந்த மறியல் வாசல்ல எண்டு எங்களுக்கு இன்னும் தெரியாது, கம்பாலாச் சொந்தக்காரர் கேட்டுக்கொண்டிருக்கிறார். தெரிஞ்ச அளவை, போன் வந்த திகதி, சொன்ன ஆள், சொன்ன சொல் அப்பிடியே, அண்டைக்குப் பின்னேரமே எழுதி அனுப்பினம்.